முள் ஏறுதா, இறங்குதா?

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வண்டி வந்தால் பாரம் ஏற்றிய லாரி வளைவிலேயே நிற்க வேண்டியிருக்கும். நின்ற இடத்திலிருந்து அத்தனை டன்னையும் ஏற்றத்தில் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். சமவெளியில் தெரியாமல் கிடந்த கோளாறெல்லாம் அங்கேதான் வெளியே வருகிறது. அப்போது டிரைவர் பட்டறைக்குப் போன் போட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “வண்டி இழுக்க மாட்டேங்குதுங்ணா.”

அனுபவப்பட்ட மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தேடமாட்டார். “ஆக்சிலேட்டரை மிதிச்சா ஆர்.பி.எம். முள்ளு ஏறுதா, எறங்குதா?” என்று கேட்பார்.

அந்தக் கேள்வி வண்டியை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. முள் ஏறுகிறது, இன்ஜின் இரைகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் இன்ஜின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த விசை கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். முள் இறங்கினால் கிளட்ச் நன்றாகவே பிடிக்கிறது. ஒன்று, இன்ஜினில் சக்தி பிறக்கவில்லை. இல்லாவிட்டால் பிரேக் விடுபடாமல் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரங்களின் டிரம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோனால் எது மட்டும் தகிக்கிறது என்று தெரிந்துவிடும். இதுவரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை, ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

அடுத்த கேள்வி புகையைப் பற்றியது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, அதில் டீசலைப் பூஞ்சிதறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினிலிருந்து இன்றைய லாரி வரை அடிப்படை மாறவில்லை. தேவையானவை இரண்டுதான்: போதிய காற்று, சரியான நேரத்தில் சரியான அளவு டீசல். கரும்புகை தள்ளிக்கொண்டு திணறும் வண்டியில் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்தோ கிளிப் தளர்ந்தோ காற்று வெளியேறலாம். புகையே இல்லாமல் சோர்ந்துபோகும் வண்டிக்கு, அநேகமாக டீசலே போய்ச் சேரவில்லை.

டீசல் போய்ச் சேராத கோளாறுகளில்தான் மெக்கானிக்கின் மூளைக்கு உண்மையான வேலை. டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு துவாரம் உண்டு. தூசியும் சேறும் அதை அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க இழுக்க டீசல் வர மறுக்கும். வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி நின்றுவிடும். சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் நோய் தெரிந்துவிட்டது. இதை அறியாமல் டீசல் பம்பையே கழற்றி சர்வீஸுக்கு அனுப்பிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

இதைவிடப் பூடகமானது ‘ஏர் பிடிப்பது’. பழைய லாரிகளில் டேங்க் கீழே இருக்கும். பீட் பம்ப் அங்கிருந்து டீசலை உறிஞ்சி மேலே கொண்டுவரும். பம்புக்குப் பிந்தைய பைப்பில் அழுத்தம் இருப்பதால், அங்கே கசிவு இருந்தால் டீசல் சொட்டும், கண்ணில் படும். முந்தைய பைப்பில் இருப்பதோ உறிஞ்சல். அங்கே ஒரு வாஷர் தேய்ந்திருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே நுழையும். வெளியே ஈரமே இல்லாத கசிவு அது. டீசலைப்போல் அல்லாமல் காற்று அழுத்தினால் சுருங்கும். டீசல் பம்ப் அமுக்கும்போது அழுத்தம் உயராமல் காற்று சுருங்கிக்கொடுப்பதால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறப்பதே இல்லை. ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுத்தால் வண்டி கிளம்பும். ஓட்டை அப்படியே இருப்பதால் மறுநாள் காலை மறுபடி அடம்பிடிக்கும். அந்தப் பைப்புக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு கண்ணாடி ஹோஸைப் போட்டு இன்ஜினை ஓட்டினால், டீசலோடு ஓடிவரும் குமிழிகள் நேராகவே கண்ணில் படும்.

கிளட்ச்சை மிதித்து இயக்கும் ஹைட்ராலிக் குழாயிலும் இதே காற்று புகுவதுண்டு. அப்போது கிளட்ச் நழுவாது. பெடல் மெத்தென்று இறங்கும், கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் கரகரக்கும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் வந்தபோது லாரிகளில், ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் போகும் காமன் ரெயில் முறை நிலைபெற்றுவிட்டது. பழைய நாசில்கள் இருநூறு பார் அழுத்தத்தை ஒட்டித் திறந்தவை. இங்கே ரெயிலுக்குள் ஆயிரம் பாரையும் தாண்டுகிறது. ஸ்கேனரைச் சொருகினால் ‘ரெயில் அழுத்தம் குறைவு’ என்று கோளாறுக் கோடு காட்டும். அது காட்டுவது அறிகுறியை மட்டுமே. பில்டர் அடைத்திருந்தாலும், வழியில் ஏர் புகுந்தாலும், பம்ப் தேய்ந்தாலும், ஒரே ஒரு இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிந்தாலும் அதே கோடு வரலாம். அதனால் கைதேர்ந்த மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டி இன்ஜினை ஓடவிடுகிறார். மற்றவற்றைவிட எந்த பாட்டில் வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தை வீணாக்குகிறது. விலை உயர்ந்த பம்பைக் காப்பாற்றியது சில பாட்டில்கள்!

இப்படிக் கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாலான பட்டறைகளின் பில்லில் இடமே இருப்பதில்லை. பாகத்துக்கு ஒரு வரி, கழற்றி மாட்டிய கூலிக்கு ஒரு வரி, அதோடு சரி. பத்து நிமிடத்தில் ஒரு வாஷரை மாற்றித் தீர்த்தவருக்கு வாஷரின் விலையும் சில்லறையும். புரியாமல் பம்பை மாற்றியவருக்குப் பெரிய தொகை. வண்டி உரிமையாளர்கள் இதை மாற்ற வேண்டும். கேள்வி கேட்கும் மெக்கானிக்குக் கோளாறு பார்த்த கூலியைத் தனியாகவே கொடுக்கலாம். அப்படிக் கொடுக்காத தொழிலில், இளம் பையன்கள் யோசிக்கப் பழகாமல் பாகம் மாற்றவே பழகுகிறார்கள்.

முள் ஏறிய வண்டிக்கு வருவோம். சமதளத்தில் வண்டியைக் கிளப்பும்போதே, வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய சமமான ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகிறது. ஏற்றத்தில், பாரத்தோடு, அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் அந்த வெப்பம் பல மடங்கு. கருகிய வாடை கேபினுக்குள் வருவது அதனால்தான். பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவானால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இறக்கியதும் புதிய பிளேட்டைப் போட்டு மூடிவிடுவது அவசரக்காரர் வேலை. பழைய பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டிருந்தால் கிராங்க் ஷாப்டின் பின்பக்க சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிகிறது. அதை விட்டுவைத்தால் புதிய பிளேட்டும் நனைந்து நழுவும். பிளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள் தெரிந்தால் அது வெப்பத்தில் வெந்திருக்கிறது, லேத்துக்குப் போக வேண்டும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினால் கூடுதல் கூலி சொற்பம். அவற்றுக்காகவே மறுபடி இறக்க நேர்ந்தால் கூலி முழுதாக இன்னொரு தடவை, வண்டிக்கும் ஓட்டம் இல்லை.