நாலு சீடியில் வந்த கதை

2000 ஜூலையில் ஜப்பானில் முதலாவது பிளேஸ்டேஷனுக்காக வெளியான ‘ஃபைனல் ஃபண்டசி 9’, 2019 பெப்ரவரியில் நின்டென்டோ சுவிட்ச் கருவிக்கும் வந்தது. அப்போது நாலு சீடி. இப்போது கையில் பிடிக்கும் கருவிக்குள் முழுக்கதையும் அடக்கம். விரும்பினால் வேகத்தைக் கூட்டலாம். இடையில் வந்து மறிக்கும் சண்டைகளை நிறுத்தி வைக்கலாம். விட்ட இடத்தைக் கருவி தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். வேலைக்குப் போகும்போது ஸ்காபரோ பஸ்ஸில் இருந்து அதை விளையாடுகிறேன். இசையும் ஆட்களும் ஊர்களும் அப்படியே இருக்கின்றன. மனம் மட்டும் புத்தூரில் அம்மம்மா வீட்டு விறாந்தையைத் தேடுகிறது.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் பாராத ஊரைப் பார்க்க வந்தார்கள். சுவிஸிலிருந்து வந்த மாமாவின் பெட்டிக்குள் சொக்லேட்டுக்கும் சேலைகளுக்கும் நடுவே ஒரு பழைய பிளேஸ்டேஷன் இருந்தது. பெரியம்மாவின் மகன் அண்ணாவுக்கு அது. ஆனால் ஒழுங்கையில் இருந்த பெடியங்கள் எல்லோருக்கும் அது பொதுச்சொத்தாகிவிட்டது. அண்ணா கொன்ட்ரோலரைப் பிடிப்பார். நான் ஆங்கில வசனங்களை வாசித்து, விளங்கிய அளவுக்குத் தமிழில் சொல்வேன். விளங்காத இடத்தை ஆளுக்கொரு விதமாக ஊகிப்போம். பின்னேரம் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிவிட்டு, காலில் செம்மண்ணோடு வந்து குந்துகிறவர்களும் கதையில் எங்கே நிற்கிறோம் என்று முதலில் கேட்பார்கள்.

அந்த நாட்களில் யாழ் குடாநாடு நாட்டின் மின்வலையமைப்போடு இணைந்திருக்கவில்லை. டீசல் இயந்திரங்கள் தரும் கரண்ட்தான். எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நின்றால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பிளேஸ்டேஷனின் மெமரி கார்ட்டில் மொத்தம் 15 கட்டங்கள். இந்த விளையாட்டில் கதையைச் சேமிக்க மூகிள் என்ற சின்னஞ்சிறு பிராணியின் உதவி வேண்டும். தூர ஊர்களிலுள்ள மற்ற மூகிள்களுக்கு எழுதிய கடிதங்களையும் அது எங்களிடம் கொடுத்துவிடும். போகிற வழியில் உரியவரிடம் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. வெளியூருக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த எங்கள் வீட்டில், அந்த வேலையை விளையாட்டாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கடிதமும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

முதலாவது சீடி பேர்மீசியா என்ற ஊரில் முடியும். எப்போதும் மழை பெய்யும் ஊர் அது. படையெடுப்பில் அது அழிய, உயிர் தப்பியவர்கள் கிளேராவுக்கு ஓடுகிறார்கள். மணற்புயல் சுற்றி நின்று காவல் காக்கும் பெரிய மரத்தில் கட்டிய ஊர் கிளேரா. இரண்டாவது சீடியில் அந்தப் புயல் அடங்குகிறது. படை அங்கும் வருகிறது. கடைசியில் மரமும் ஊரும் சேர்ந்தே அழிகின்றன.

பாக்கு இடித்துக்கொண்டு பின்னால் இருந்த அம்மம்மா உரலை வைத்துவிட்டுக் கேட்டா: “உந்தச் சனம் எங்கையடா ஓடுது?”

“பக்கத்து ஊருக்கு, அம்மம்மா.”

“அங்கையும் அடிப்பாங்களே?”

“அங்கையும் அடிச்சிட்டாங்கள்.”

“அப்ப பிறகு எங்க போறது?”

நாங்கள் ஒருவரும் பேசவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, புத்தூரும் அந்தச் சனத்தோடு தென்மராட்சிக்கு நடந்தது. அங்கே இடம் தந்த சாவகச்சேரி, 2000ஆம் ஆண்டுச் சண்டையில் கட்டடம் கட்டடமாக நொறுங்கியது. ஜப்பானில் இந்த விளையாட்டு கடைக்கு வந்த அதே ஆண்டு. அதை உருவாக்கியவர்கள் எங்களை அறியமாட்டார்கள். ஆனாலும் ஓடிப்போன இடத்திலும் அடி விழும் என்ற உண்மை அவர்களுடைய கதைக்குள் இருந்தது. அன்றிலிருந்து அம்மம்மாவும் எங்களோடு இருந்து பார்த்தா.

கதாநாயகன் ஸிடான் தான் பிறந்த இடத்தைத் தேடி அலைந்தவன். சிறுவயதில் கண்ட ஒரு நீல வெளிச்சம் மட்டுமே அவனுக்கு அடையாளம். மூன்றாவது சீடியில் அந்த இடத்தை அடைந்துவிடுவான். ஆனால் அவன் நினைத்த வீடாக அது இருக்காது. கூட வந்தவர்களிடமே திரும்பிப் போவான். விறாந்தையில் அதைப் பார்த்தபோது எனக்கு அது சாதாரணமாகப் பட்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மறுபடி மூடப்பட்ட பின் அந்தக் கூட்டமும் கலைந்தது. அண்ணா இப்போது பாரிஸில். மற்றவர்கள் லண்டனிலும் கொழும்பிலும். அம்மம்மா இல்லை. பஸ்ஸில் தனியே அந்தக் கட்டத்துக்கு வந்தபோது நெஞ்சடைத்தது.

பழைய விளையாட்டுகளைத் திரும்ப வெளியிடுவதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை அப்போது விற்பனையில் இருக்கவில்லை. 2002இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ விளையாட்டின் மூலக் கோப்புகளே தொலைந்துபோய், புதுப்பித்தவர்கள் பலவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. நூலகம் எரிந்த ஊரில் பிறந்தவர்களுக்கு, ஒரு படைப்பு தப்பிப் பிழைப்பதன் பெறுமதியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. புதிய பதிப்பில் ஆட்கள் துலக்கமாகவும் பின்னாலுள்ள ஊர்கள் மங்கலாகவும் தெரிவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மங்கலாகவேனும் அந்த ஊர்கள் மிஞ்சினவே என்பது எனக்கு ஆறுதல்.

ஆனால் கருவி காப்பாற்றுவது கதையை மட்டும்தான். சுற்றியிருந்து பார்ப்பதை நாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சுவிட்சையும் அதை ரீவியோடு இணைக்கும் டொக்கையும் வயர்களையும் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டு ரீவியில் பூட்டி, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, வசனத்தை உரக்க வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள். அவர் கேள்வி கேட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு, அவர் நடந்த கதையைக் கேளுங்கள்.