ஃபிரேசியரின் இடது கை

என்னிடம் குத்துச்சண்டையின் ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் போடும் குத்து, கற்க வருகிற பையனை முதல் சில வாரம் கையை ஓங்கவே விடமாட்டேன். ரிங்கின் குறுக்கே நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்கு அடியில் இடதும் வலதுமாகக் குனிந்து நிமிர்ந்து முன்னேறச் சொல்வேன். முழங்கால் மடங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது, பார்வை தரைக்குப் போகக் கூடாது. "எப்ப மாஸ்டர் குத்தப் போறோம்?" என்று பையன்கள் கேட்பார்கள். அப்போதுதான் அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ ஃபிரேசியரின் பழைய சண்டைப் படத்தைப் போடுவேன். "கையைப் பாக்காதே தம்பி, இடது முழங்காலைப் பாரு" என்பேன்.

ஹூக்கில் கைக்கு வேலை குறைவு. உடல் இடப்புறம் சாயும்போது எடை முழுக்க இடது காலில் இறங்குகிறது. நிமிரும்போது பாதம் திரும்ப, இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, மடங்கிய முழங்கை அவற்றோடு சேர்ந்து வந்து விழுகிறது. ஃபிரேசியரிடம் இது தற்காப்பிலிருந்தே தொடங்கியது. எதிராளி நேராக நீட்டும் ஜாப் தலைக்கு மேலே கடக்கும் அந்தக் குனிதலிலேயே பதிலடிக்கான எடை இடது காலில் ஏறிவிடும். குத்திலிருந்து தப்புவதும் குத்தத் தயாராவதும் அவருக்கு ஒரே அசைவு. இத்தனை வருடம் பார்த்த பிறகும் எனக்கு இது அலுக்கவில்லை.

அந்த இடது கைக்கு ஒரு கதை உண்டு. 1944இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், போஃபோர்ட் பகுதியில், ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோ. தந்தைக்கு இடது கை சேதப்பட்டிருந்ததால், வேலையில் அந்தக் கையாக இருந்தது இந்தச் சிறுவன். சாக்கில் கந்தலையும் சோளச் சக்கையையும் திணித்து, நடுவே ஒரு செங்கல்லை வைத்து, மரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். ஒருநாள் பன்றி துரத்த ஓடி விழுந்ததில் இடது கை அடிபட்டது. மருத்துவம் பார்க்க வசதியில்லை. கை முழுதாக நீளாமல், சற்று மடங்கியபடியே கூடிவிட்டது. ஹூக்கிற்கு முழங்கை நீள வேண்டிய அவசியமே இல்லை!

பிலடெல்ஃபியாவுக்குப் போய் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகியவர் அவர்தான். உலகம் அந்தக் காட்சியை 'ராக்கி' படத்தின் வழியாகத்தான் அறிந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அவர் மாற்று வீரராகத்தான் இருந்தார். தேர்வான பஸ்டர் மேத்திஸுக்குக் கையில் காயம்பட, இடம் இவருக்கு வந்தது. இடது கட்டைவிரல் முறிந்த நிலையில் இறுதிப் போட்டி ஆடித் தங்கம் வென்றார்.

ஆறடிக்கு அரை அங்குலம் குறைவான ஹெவிவெயிட் அவர். தூரத்தில் நின்றால் அடிதான் வாங்குவார். அதனால் உள்ளே போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. பயிற்சியாளர் யாங்க் டர்ஹாம் அவரை இந்தப் பாணியில் வார்த்தெடுத்தார். உதவிப் பயிற்சியாளராக எடி ஃபட்ச் இருந்தார்.

1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அதுவரை தோற்காத முகமது அலியும் அதுவரை தோற்காத ஃபிரேசியரும் மோதினார்கள். ஃபட்ச் முன்கூட்டியே ஒன்றைக் கவனித்திருந்தார். கீழிருந்து மேலே குத்தும் வலது அப்பர்கட் போடும்போது அலி அந்தக் கையை இறக்குகிறார். அந்த நொடியில் அவருடைய தாடையின் வலப்புறம் திறந்து கிடக்கிறது. அந்தக் கை இறங்கும்போதெல்லாம் இடது ஹூக்கைப் போடு என்பதே திட்டம். பதினைந்தாவது ரவுண்டில் அலியின் வலது கை இறங்கியது. ஃபிரேசியர் தாழ்விலிருந்து இடது ஹூக்கோடு எழுந்து வந்தார். அலி மல்லாந்து விழுந்தார். சில நொடிகளில் எழுந்தும்விட்டார், அது அவருடைய மகத்துவம். ஆனால் நடுவர்கள் ஒருமனதாக ஃபிரேசியருக்கே வெற்றி கொடுத்தார்கள். பதினான்கு ரவுண்டு களைத்த பிறகும் அந்த முழங்கால் மடங்கியதே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டுவேன்.

இதே பாணியின் பலவீனத்தை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் காட்டினார். உள்ளே வருகிறவரை நீண்ட கைகளால் தள்ளி நிறுத்துவது, தலை கீழே வரும்போது அப்பர்கட்டைப் போடுவது. இரண்டே ரவுண்டில் ஃபிரேசியர் ஆறு முறை விழுந்தார். தாளம் எதிராளிக்குப் பிடிபட்டுவிட்டால் குனிகிற தலைக்குப் பாதுகாப்பு கிடையாது. குனியும் வேகத்தை மாற்றிக்கொண்டே இரு என்று பையன்களிடம் தொண்டை கட்டும்வரை கத்துவது இதனால்தான். டர்ஹாம் அதே ஆண்டில் காலமானார். ஃபட்ச் பொறுப்பேற்றார்.

1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியோடு மூன்றாவது சண்டை. பதினான்கு ரவுண்டு முடிந்தபோது ஃபிரேசியரின் முகம் வீங்கிப் பார்வை மறைந்திருந்தது. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை முன்பே மங்கல். கடைசி ரவுண்டுக்கு எழப்போனவரை ஃபட்ச் உட்காரவைத்துச் சண்டையை நிறுத்தினார். ஃபிரேசியர் மறுத்துப் பார்த்தார், ஃபட்ச் இறங்கி வரவில்லை. மூன்று நிமிடம் விட்டிருக்கலாமே என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. கார்னரில் நின்று பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மூன்று நிமிடத்தைக் கொடுக்காததுதான் ஃபட்ச் செய்த வேலைகளிலேயே பெரியது. குத்து வருவதைப் பார்க்க முடியாதவனை ரிங்கிற்குள் அனுப்பக் கூடாது.

பிறகு பிலடெல்ஃபியாவின் நார்த் பிராட் தெருவில் இருந்த தன் ஜிம்மில் ஃபிரேசியர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். மகன் மார்விஸ் நல்ல அமெச்சூர் வீரன். நிமிர்ந்து நின்று யோசித்து ஆடுகிறவன். அந்த மகனைத் தன்னைப் போலவே குனிந்து உள்ளே பாய்கிறவனாக மாற்றினார். 1983இல் லாரி ஹோம்ஸிடம் முதல் ரவுண்டிலேயே மார்விஸின் ஆட்டம் முடிந்தது. 1986இல் மைக் டைசனிடம் முப்பது விநாடியில் முடிந்தது. எதிராளிகள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாணி ஜோவின் உயரத்துக்கும், மடங்கிய முழங்கைக்கும், பின்வாங்கத் தெரியாத சுபாவத்துக்கும் பொருந்தி உருவானது. மகனுக்கு அந்த உடம்பு வாய்க்கவில்லை.

அதனால் என்னிடம் வரும் நெட்டைப் பையன்களும் கயிற்றுக்கு அடியில் குனியத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஃபிரேசியர் படம் போடும் அதே நாளில், எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்தும் ஹோம்ஸின் ஜாபையும் போட்டுக் காட்டிவிடுகிறேன்.