சுவர் மட்டும் போதுமா?

வளரும் நகரத்திற்கு நிலம் தேவை. சிங்கப்பூர் போன்ற சிறிய தீவில் அத்தேவை இன்னும் அதிகம். வீடு, பள்ளி, மருத்துவமனை, ரயில் பாதை என ஒரே நிலத்திற்குப் பல தேவைகள் போட்டியிடுகின்றன. நான் வளர்ந்த அடுக்குமாடி வீடுகூட, ஒரு காலத்தில் கம்பம் இருந்த இடத்தில் எழுந்ததுதான். ஆகவே, பழையது எதையும் தொடக்கூடாது என்று என்னால் வாதிட முடியாது.

ஆயினும், எல்லாவற்றையும் இடித்துவிட்டால் நம் வரலாற்றை எதைக் காட்டிச் சொல்வது? இந்தக் கவலைக்கு விடையாக, 1989ஆம் ஆண்டு லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்கள் பாதுகாக்கப்படும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று தீவு முழுவதும் 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. கடைவீட்டின் முகப்பு, ஓட்டுக்கூரை, ஐந்தடி நடைபாதை ஆகியவற்றை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது.

கட்டடத்தைக் காப்பது ஒரு முடிவு. அதனுள் என்ன நடக்கலாம் என்பது மற்றொரு முடிவு. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்திற்கு, எவ்வளவு உயரம் கட்டலாம் என்பவற்றை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் வகுக்கிறது. வரலாற்று வட்டாரங்களின் மையப் பகுதியில் சில வகைத் தொழில்களுக்கு அனுமதி இல்லை. ஆனால், கடை வாடகையைச் சந்தையே நிர்ணயிக்கிறது.

சிறுவயதில் அம்மாவுடன் சிராங்கூன் சாலைக்கு அருகில் இருந்த மாவு மில்லுக்குச் செல்வேன். மிளகாய், மல்லி அரைபடும் நெடி தெருமுனையிலேயே தும்மலை வரவழைக்கும். இப்போது அங்கே கைப்பேசிக் கடை இருக்கிறது. முகப்பும் சன்னல்களும் புது வண்ணத்தில் பளபளக்கின்றன. மில்லை மட்டும் காணவில்லை.

மாற்றமே கூடாது என்பதில்லை. அருகிலுள்ள கெர்பாவ் சாலையின் பெயரைப் பாருங்கள். மலாய் மொழியில் ‘கெர்பாவ்’ என்றால் எருமை. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் கால்நடை வணிகம் செழித்தது. இன்று பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. நகரின் நடுவே மாட்டுக்கொட்டகை இல்லையே என்று யாரும் வருந்துவதில்லை. தேவை தீர்ந்து ஒரு தொழில் மறைவது இயல்பு. தேவை இருந்தும் வாடகை கட்டுப்படியாகாமல் மறைவதுதான் இழப்பு. இந்த வேறுபாட்டைச் சட்டத்தால் மட்டும் அறிய முடியாது. அங்குப் புழங்கும் மக்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. அதன் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துகளும் திரட்டப்படுகின்றன. அப்போது, “இக்கட்டடம் அழகானது, காப்பாற்றுங்கள்” என்பதோடு நாம் நின்றுவிடக்கூடாது. அங்கே யார் பூக் கட்டுகிறார்கள், யார் நகை செய்கிறார்கள், யார் வந்து வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் வட்டாரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?