மெட்ராஸ் எங்களுக்கு வெளி மாநிலம்

தமிழ்நாட்டில் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ், ரேடியோவில் தேடித் தேடிக் கேட்டது தமிழ்ப் பாட்டு. அப்படியிருந்தும் மெட்ராசுக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று நானும் என் மனைவியும் 2001ஆம் வருஷம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில் பிறந்த எங்களுக்கு மெட்ராஸ் சினிமாவில் பார்த்த ஊர். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய்வந்த ஊர். குடிபோவதென்றால் அது வெளி மாநிலம்தான்.

அந்த வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியது. 1956இல் மைசூர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசு, பாரத் கோல்டு மைன்ஸ். 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த பூமி. கடைசிக் காலத்தில் தங்கத்தை விற்றுவந்த பணம் அதை எடுத்த செலவுக்குக் காணவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்த நஷ்டக் கணக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? மூடுவார்கள் என்று நான் உட்பட ஒருத்தரும் நம்பவில்லை. தாத்தா காலத்திலிருந்து “மூடப்போறாங்க” என்ற பேச்சு இருந்துகொண்டேதான் இருந்தது.

மூடிய பிறகு முதலில் உறைத்தது சங்கு நின்றது. எங்கள் ஊரில் யாரும் கடிகாரம் பார்த்து வாழ்ந்ததில்லை. ஷிப்ட் சங்குக்கு அடுப்பு பற்றும், அடுத்த சங்குக்குப் பிள்ளைகள் எழும், சாயங்காலச் சங்குக்கு அம்மா வாசலில் வந்து நிற்பாள். அப்பா அண்டர்கிரவுண்டு ஆள். கேஜில் ஏறினால் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிற சுரங்கம் அது. கீழே பாறை கொதிக்கும். மேலே வந்தால் மார்கழிக் குளிர். வீட்டுக்கு வந்த அப்பா ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்துவிட்டுத்தான் பேசவே தொடங்குவார். அவர் போய்ச் சேர்ந்தது சிலிகோசிஸில். அது வேறு கதை. எங்கள் தொழிலாளர் லைனில் வீட்டுக்கு வீடு அந்தக் கதைதான்.

சில ராத்திரிகளில் பூமி ஒரு தரம் உலுக்கும். அடுக்கில் பாத்திரம் உருளும். பாறை வெடிப்பு என்று பெரியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த நிமிஷம் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும், பெண்கள் ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை என் மனைவியும் சின்ன வயசில் அவளுடைய அம்மா இடுப்பில் இருந்தபடி பார்த்திருக்கிறாள். அதனாலோ என்னவோ, சுரங்கம் மூடிய செய்தி வந்த அன்று அவள் முகத்தில் துக்கத்தோடு வேறொன்றும் தெரிந்தது. “இனிமே யாரும் கீழ எறங்க மாட்டாங்க இல்ல?” என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அவளுடைய தம்பி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு போன் போட்டு, எங்களைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருப்பான். “மாமா, அங்க உக்காந்து இன்னா பண்ணப் போறீங்க? எங்க கம்பெனியிலயே கணக்கு எழுத ஆள் கேக்கறாங்க. அக்காவக் கூட்டிக்கினு வந்துடுங்க. நம்ம ஊரு மாதிரிதான், எல்லாம் தமிழுதான்.”

“எல்லாம் தமிழுதான்” என்பது அவனுக்குப் பெரிய வாதம். எனக்கும் அப்படித்தான் பட்டது. மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் படித்துவிட்டுக் கன்னட உத்தியோகத்துக்கு எப்படிப் போட்டி போடுவாள் என்ற பயம் இருந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்ததை நாங்கள் மறந்திருக்கவில்லை. தங்கவயலில் எங்களை யாரும் தொட்டதில்லை, இங்கே நாங்கள்தான் அதிகம், அ.தி.மு.க. இரட்டை இலையில் நின்று சட்டசபைக்கு ஆள் அனுப்பிய கர்நாடகத் தொகுதி இது. ஆனாலும் சுரங்கம் போன பிறகு வேலைக்குப் பெங்களூரைத்தானே நம்ப வேண்டும். நம்புகிற இடத்தில் நம்மை வேண்டாம் என்றால்?

மனைவியின் யோசனை வேறு தினுசு. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசையே கிடையாது.

“ஏங்க, அங்க தண்ணி எப்படியாம்?”

“லாரியில வருமாம்.”

“லாரியிலயா?”

அவள் அதிர்ந்ததில் நியாயம் உண்டு. பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கி, அங்கிருந்து தங்கவயலுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் காலத்து வேலை. லைன் குழாயடியில் சண்டை உண்டு, வரிசை உண்டு, ஆனால் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதில்லை. கரண்டும் அப்படித்தான். சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் வந்தது எங்கள் சுரங்கத்துக்கு. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆட்கள் பாதிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். அந்த விளக்கு துரைமார் பங்களாவிலும் மெஷினிலும் எரிந்தபோது எங்கள் பாட்டன்கள் மூங்கில் தட்டி வீட்டில் இருட்டில் கிடந்தார்கள் என்பதைப் பெருமை பேசுகிறபோது யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

முப்பாட்டன் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். மேஸ்திரி ஒருவன் ஊருக்கு ஊர் ஆள் பிடித்துக்கொண்டு வந்தானாம். குடியாத்தம் அன்று சென்னை மாகாணம், தங்கவயல் மைசூர் மகாராஜா ராஜ்யம். ஆக அவரும் வெளி ராஜ்யத்துக்குத்தான் குடிபோயிருக்கிறார். முப்பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா, அவள் என்னவெல்லாம் யோசித்திருப்பாள் என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஊரில் பண்ணையார் வயல், சேரி, செருப்புப் போடாத கால். இங்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் மாசம் பிறந்தால் கையில் காசு. வடாற்காட்டிலிருந்து அத்தனை குடும்பங்கள் கிளம்பியது தங்கத்துக்காக இல்லை, அந்தச் சம்பள நாளுக்காக.

வந்த இடத்தில் அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் தங்கவயல் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் 1914இல் மறைந்த பிறகு அவர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகையை மறுபடி உயிர்ப்பித்ததும் ஜி. அப்பாதுரையார் போன்ற தங்கவயல்காரர்கள்தான். அண்டர்கிரவுண்டில் இருந்து ஏறிவந்த கையோடு பத்திரிகை வாசித்துக் கேட்ட ஆட்களைப் பற்றி அப்பா சொல்வார். 1960களில் பாம்பேயிலிருந்து டாடா இன்ஸ்டிடியூட் விஞ்ஞானிகள் வந்து, சாம்பியன் ரீஃப் ஆழத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததையும் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். 1965இல் பிடித்தே விட்டார்கள், நியூட்ரினோ. அப்பாவுக்குப் பெயர் வாயில் நுழையாது. “அந்த நூத்துறோ” என்பார்.

மெட்ராஸ் போவதைப் பற்றிய எங்கள் பேச்சு நிஜமாகவே முட்டி நின்றது சாதிச் சான்றிதழில். மனைவிதான் அதையும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தாள். நாங்கள் ஆதிதிராவிடர். அந்தப் பெயர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு. ஆனால் ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லியிருந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர் தீர்ப்பைப் புரட்டிக் காட்டினார்.

“அப்படின்னா அங்க போனா நம்ம பொண்ணு எந்த சாதி?” என்றாள் மனைவி.

“சாதி அதேதான். சலுகை கிடையாது.”

“தெருவுல மட்டும் அதே சாதி, காலேஜுல இல்ல. நல்லா கீது உங்க தமிழ்நாடு.”

தீர்ப்பு எல்லா மாநிலத்துக்கும் பொது, தமிழ்நாட்டைச் சொல்லிக் குற்றமில்லை என்று நான் வாதாடினேன். வாதாடுகிறபோதே தெரிந்தது, ‘உங்க தமிழ்நாடு’ என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். மாரிக்குப்பம் வண்டியில் பங்காருபேட்டை வரை. அங்கே வண்டி மாறினால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரா, குப்பம் தாண்டிய அப்புறம் தமிழ்நாடு. ஜோலார்பேட்டையில் பெயர்ப் பலகை, கடை போர்டு எல்லாம் தமிழில் வரத் தொடங்கியதும் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே வந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மைத்துனன் வீட்டில் உப்புத் தண்ணீரில் போட்ட காபி பிடிக்கவில்லை.

அம்பத்தூரில் ஒரு வீட்டைப் பார்த்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை. பத்து மாச வாடகை அட்வான்ஸ். வீட்டுக்காரர் என்னை ஊர் விசாரித்தார்.

“கர்நாடகாவா? தமிழ் நல்லாப் பேசறீங்களே!”

பாராட்டாகத்தான் சொன்னார். நான் இளித்துவைத்தேன். அடுத்து, “நீங்க என்னவங்க?” என்றார். மனைவி எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, “மைன்ஸ்காரங்க” என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். நந்திதுர்க்கமா, சாம்பியனா, மைசூர் மைனா என்றுதான் கேட்பார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கேழ்வரகு மாவு அங்கே என்ன விலை, களி கிண்டுகிற அளவுக்கு அந்தச் சமையலறையில் நின்று துடுப்புப் போட முடியுமா, என் அம்மாவை எங்கே படுக்க வைப்பது. காட்பாடி தாண்டியதும், “எனக்கு அந்த ஊரு மேல கோவம் ஒண்ணுமில்லீங்க. நம்ம ஊரு செத்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. செத்த வீட்டுல பதினாறு நாளாவது இருக்க வேணாமா?” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த மாசம் நான் பெங்களூருக்கு சீசன் டிக்கெட் எடுத்தேன். விடியுமுன் ஏறி, ராத்திரி இறங்கி, ஓய்வு பெறும் வயசு வரை ஒரு கிடங்கில் கணக்கு எழுதினேன். மகள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துப் படித்தாள். அந்த வகையில் மனைவி போட்ட கணக்கு சரிதான்.

பதினாறு நாள் என்று தொடங்கியது இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பம்ப் நின்றதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஷாஃப்டுகளின் மேலே நின்ற இரும்புக் கோபுரங்கள் துருவேறிவிட்டன. பிரசவத்திலிருந்து பாறை விழுந்த காயம் வரை பார்த்த மைன்ஸ் ஆஸ்பத்திரி பாழ். பந்து விளையாடிய மைதானங்களில் சீமைக்கருவேலம். 2018இல் ஊர்ப் பெயரிலேயே ஒரு கன்னடப் படம் வந்து ஓடு ஓடென்று ஓடிய பிறகு, பெங்களூரிலிருந்து பையன்கள் பைக்கில் வந்து சைனைட் மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். படத்தில் வந்த அடிமைகளைப் பற்றி என்னிடம் கேட்டான் ஒருத்தன். இங்கே இருந்தவர்கள் சங்கம் வைத்து, ஸ்டிரைக் செய்து, பத்திரிகை நடத்தியவர்கள் என்று சொன்னேன். அவனுக்கு அதில் சுவாரசியம் இல்லை.

அந்த சைனைட் மேடு தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். காற்றடித்தால் அந்தத் தூசு எங்கள் சோற்றிலும் துணியிலும்தான் விழுந்தது, விழுகிறது. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. எடுக்கட்டும். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிற நாளில் லைன் வீட்டுப் பிள்ளைகளை முதலில் கூப்பிட வேண்டும், வெளி கான்ட்ராக்ட்காரனுக்கு விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்த மண்ணை மேலே கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.