கல்லூரி மிச்சம் வைக்கும் நேரம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு, போன வருஷம் அந்தக் காலேஜில் எதில் நின்றது, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் ஈசிஇ எடுக்கலாமா. அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னிடமும் வந்து உட்காருவார்கள். "சார், எந்தக் காலேஜ்ல போடலாம்?" என்பார் அப்பா. பையனோ பெண்ணோ பக்கத்தில் பேசாமல் நிற்கும்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "அங்க சேர்ந்தா பிள்ளை காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும், சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு வந்து சேரும்?"

இதையா முதலில் கேட்பது என்று தோன்றும். எனக்கு இதுதான் முதல் கேள்வி. தன்னாட்சி பெறாத பொறியியல் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் அத்தனைக்கும் பாடத்திட்டம் ஒன்று, செமஸ்டர் வினாத்தாள் ஒன்று, கடைசியில் கைக்கு வரும் பட்டமும் ஒன்று. பிறகு ஒரு கல்லூரிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பாடம் எடுக்கும் ஆசிரியரிடம், ஆய்வகத்திலும் நூலகத்திலும், இவற்றையெல்லாம் பயன்படுத்திக்கொள்ள மாணவனுக்கு மிஞ்சும் நேரத்தில். முதல் மூன்றும் இருந்து நாலாவது இல்லாவிட்டால், இருப்பவையும் வீண்.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் கல்லூரிக்கு விடிவதற்குள் பேருந்து வந்துவிடுகிறது. தூங்கிக்கொண்டே ஏறும் பிள்ளை மாலையில் அதே பேருந்தில் தூங்கிக்கொண்டே திரும்புகிறது. வீட்டுக்கு வந்தால் அசைன்மென்ட், ரெக்கார்டு நோட்டு, மறுநாள் இன்டர்னல் தேர்வு. நாலு வருஷம் இப்படியே ஓடினால் அவன் கல்லூரியில் படித்தான் என்பதைவிடக் கல்லூரிக்குப் போய்வந்தான் என்பதே சரி. பதினெட்டு வயதில் புத்தி எதையும் வாரிக் குடிக்கத் தயாராக இருக்கிறது. அந்த வயதின் மாலைப் பொழுதுகளைப் பேருந்து ஜன்னலோரம் கழிக்கவிட எனக்கு மனசு கேட்கவில்லை.

அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிஃப்ட் உண்டு. காலை ஷிஃப்ட் மாணவர்களுக்கு மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; நான் அதில் ஒரு வரத்தைக் கண்டிருக்கிறேன். என்னிடம் பி.எஸ்சி. படித்த ஒரு மாணவி, பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள். செய்முறை வகுப்பில் சோடியம் விளக்கின் ஒளியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து அளக்க வேண்டும். புத்தகத்தில் அதற்கு மஞ்சளில் இரண்டு கோடுகள் என்று போட்டிருக்கிறது, 589.0 நானோமீட்டரில் ஒன்று, 589.6-ல் ஒன்று. அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே கோடு. மற்றவர்கள் அந்த ஒன்றை அளந்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் மத்தியானம் திரும்பி வந்தாள். "அந்த ரெண்டாவது கோடு எங்க சார்?" ஆய்வக உதவியாளர் சாப்பாட்டுக்குப் போகாமல் விளக்கைப் போட்டுக்கொடுத்தார். ஸ்லிட்டை மயிரிழை அளவுக்கு ஒடுக்கினோம். ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியை இன்னும் தள்ளி, கோடுகள் கூடுதலாக விலகித் தெரியும் இரண்டாம் வரிசை நிறமாலைக்குக் கொண்டுபோனோம். வெளிச்சம் மங்கியது. குறுக்குக் கம்பியை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். ஒட்டி ஒட்டி இரண்டு கோடுகள். அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்ததைத்தான் நான் உயர்கல்வி என்று சொல்வேன். அவள் இப்போது ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவளுடைய கல்லூரியின் பெயரைச் சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் அந்தக் கல்லூரி அவளுக்கு ஒரு மத்தியானத்தையும், திறந்திருந்த ஓர் ஆய்வகத்தையும் கொடுத்தது.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். நுழைவாயில் வளைவையும் ஏசி அரங்கத்தையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் நூலகத்துக்குப் போங்கள். உங்கள் துறைப் புத்தகங்களில் நாலைந்தை எடுத்துப் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த வருஷத்தது என்பது நிறையச் சொல்லும். ஆய்வகத்தில் கருவிகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கின்றனவா? வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், வகுப்பு முடிந்த பிறகு லேப் திறந்திருக்குமா, உங்கள் ஹெச்ஓடியிடம் சந்தேகம் கேட்கப் போகலாமா என்று விசாரியுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

பெண்பிள்ளையை விடுதியில் சேர்ப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரமும் பெண்கள் விடுதிக்கு அதைவிட முன்னதாக ஒரு நேரமும் வைத்துக் கதவைச் சாத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருந்து, அவளை ஆறு மணிக்கே உள்ளே அடைத்தால், அந்த நூலகம் அவளுக்கு இல்லை. கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆசிரியர்கள் யார் என்பதையும் காகிதத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் ஒரே சமயத்தில் இருந்தது 2024-ல் அம்பலமானது நினைவிருக்கும். கல்லூரிவாரியான தேர்ச்சி விவரத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ஒரே ஒரு மாணவர் வாங்கிய பெரிய சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்கள் துறையில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, பெரும்பாலோர் வாங்கும் சம்பளம் என்ன என்று கேளுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது பலர் பயந்து, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் கொடுப்பார்கள். மனசுக்குப் பிடித்ததை மேலே வைப்பதால் கீழே இருப்பது கைநழுவாது. கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவையும் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். பிரௌசிங் சென்டரின் அவசரத்தில் போட வேண்டாம். அரசின் உதவி மையங்களில் காசில்லாமல் உதவுகிறார்கள்.

பணமும் நேரத்தோடு பிணைந்ததுதான். கட்டணம் கட்டுவதற்காக இரவு வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் படிக்க ஏது பொழுது? அதனால் உரிமையாக வருவதை விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கைநீட்டாமல் இருக்க அது போதும்.

சேர்ந்த பிறகு? மிஞ்சிய நேரத்தில் செய்ய இன்று எவ்வளவோ இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை என்பிடெல் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கலாம். இவற்றைவிட முக்கியம், ஆசிரியர்களில் ஒருவருக்காவது உங்கள் பெயர் தெரிய வேண்டும். மார்க்குக்காக அல்ல. கேள்வியோடு வரும் மாணவருக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஏறக்குறைய எல்லாத் துறையிலும் ஒருவர் இருக்கிறார். ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கி நிற்காமல் உள்ளே போங்கள்.

கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகவும் வேண்டாம். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டுத்தான் சென்னை எம்ஐடிக்குப் போனார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோவில் தொடங்கியவர். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி மாணவி. மூவரும் மேலே மேலே படித்துக்கொண்டே போனவர்கள். முதலில் கால் வைத்த இடம் அவர்களைத் தடுக்கவில்லை.

இடம் உறுதியானதும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் திங்கள் முதல் சனி வரை எழுதுங்கள். வகுப்பு, பயணம், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சும் மணி நேரத்தை என்ன செய்வது என்று பெற்றோர் கட்டளையிட வேண்டாம், பிள்ளையே எழுதட்டும். கல்லூரி தொடங்கும் முதல் வாரத்திலேயே அது நடைமுறைக்கு வந்துவிட வேண்டும்.