கூட்டம் கூடாத வருடத்தின் கணக்கு

சியர்லீடிங் என்றதும் நம்மில் பலருக்கு ஐபிஎல் மைதான ஓரத்தில் ஆடுபவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அமெரிக்காவில் அது வேறு கதை. அங்கே அது ஒரு போட்டி விளையாட்டு. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, ஆளைத் தூக்கி எறிந்து, விழாமல் பிடித்து, இரண்டரை நிமிடத்தில் முடிகிற வித்தை. அதைச் சுற்றிப் பெரிய வியாபாரமும் இருக்கிறது.

2020 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் 'சியர்' என்ற ஆவணத் தொடர் வந்தது. டெக்சாஸின் நவாரோ கல்லூரி அணியின் கதை. மார்ச் ஊரடங்கில் பாடசாலையும் இல்லாமல் வீட்டில் அடைபட்டிருந்த நாட்களில் பார்த்தேன். அந்த அணி வருடம் முழுக்கப் பாடுபடுவது டேட்டோனா பீச்சில் நடக்கும் ஒரே ஒரு போட்டிக்காக. அந்த வருடம் அது ரத்து. ஒர்லாண்டோவில் ஏப்ரலில் நடக்கவிருந்த உலகப் போட்டியும் ரத்து.

பிள்ளைகளின் கண்ணீர் ஒரு பக்கம். வணிகக் கல்வி படிப்பிப்பதால் என் மனம் கணக்குப் பக்கமும் போனது.

அங்கே 'ஆல்ஸ்டார்' அணிகளை நடத்துவது பாடசாலைகள் அல்ல, தனியார் ஜிம்கள். பெரும்பாலானவை சிறு முதலாளிகளுடையவை. உயர்ந்த கூரையுள்ள பெரிய கட்டிடம் வேண்டும், துள்ளும் தரை வேண்டும், பயிற்றுநர்கள் வேண்டும். வருமானமோ பெற்றோர் கட்டும் மாதக் கட்டணம். வகுப்பில் நாம் சொல்லிக் கொடுக்கும் நிலையான கிரயம் இதுதான். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் வாடகை வாடகைதான். ஆளை ஆள் தொடாமல் இந்த விளையாட்டைப் பழக முடியாது. சூம் வழியாக உடற்பயிற்சி செய்யலாம், ஒருவரைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அரசாங்கம் சம்பளத்துக்கென்று கொடுத்த தள்ளுபடிக் கடன் சிலரைத் தாங்கியது. பிறகு வீடியோ அனுப்பிப் பங்குபற்றும் போட்டிகளும் வந்தன.

பெற்றோரின் நிலை இன்னும் கஷ்டம். அங்கே சீசன் கோடையில் தொடங்கி ஏப்ரல், மே மாதத்தில் உச்சத்துக்கு வரும். கொரோனா வந்தது கடைசிக் கட்டத்தில். சீருடை, நடன அமைப்பு, மாதக் கட்டணம் என்று செலவில் பெரும்பகுதி அதற்குள் போய் முடிந்துவிட்டது. காசு கட்டியது எதற்காகவோ, அந்த மேடை மட்டும் இல்லை.

இந்தத் துறையின் பெரும் பகுதி வார்சிட்டி என்ற ஒரே கம்பனியின் கையில் இருந்தது. பெரிய போட்டிகளை நடத்துவதும், சீருடை விற்பதும், முகாம் நடத்துவதும் அதுதான். பல போட்டிகளுக்குப் போனால் அது சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும். 2018இல் பெய்ன் கெப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியிருந்தது. எல்லாம் கூட்டம் கூடினால் ஓடும் வியாபாரம். கூட்டம் நின்றதும் அதுவும் ஆடிப்போனது.

அதே 2020இல்தான் ஜிம்களும் பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். போட்டியாளர்களை ஒழித்து விலையை ஏற்றிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பனி அதை மறுத்தது. ஆனாலும் ஒரு வழக்கு 2023இல் 43.5 மில்லியன் டொலருக்கும், இன்னொன்று 2024இல் 82.5 மில்லியன் டொலருக்கும் சமரசமாக முடிந்தது. வழக்குக்குக் காரணம் கொரோனா அல்ல, அதற்கு முந்தைய வருடங்களின் விலை. ஆனால் வீட்டில் வரவு குறையும்போதுதான் மனிதன் பழைய பில்லை எடுத்துப் பார்க்கிறான்.

நம் ஊரிலும் டியூஷன் மண்டபங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த மாதங்களில் வான்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நமக்குத் தெரியும். பிள்ளையின் ஆசையை வைத்து நடக்கும் எந்தத் தொழிலிலும் பெற்றோர் முதலில் காசு கட்டுகிறார்கள், கடைசியில்தான் கணக்குக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு என்று சொன்னதும் நமக்கு வாய் வராது.

அடுத்த முறை எதற்காவது முற்பணம் கட்டும்போது, நடக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.