வேதாளமும் நாங்களும்

2020 மார்ச்சில் கொரோனாவின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, காட்டாங்குளத்தூரில் எங்கள் வீட்டுக் கூடமே வகுப்பறையாயிற்று. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஆறு. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் 1 வரை காத்திருக்க நேர்ந்தது.

கணக்குப் பாடம் எப்படியோ நடந்தது. வாசிப்பில்தான் இடறினோம். பக்கத்திற்குப் பக்கம் நிறுத்தி, "இதற்குப் பொருள் என்ன? இவன் ஏன் இப்படிச் செய்தான்?" என்று வினவினோம். அதை அக்கறை என்றே எண்ணியிருந்தோம். ஒரு நாள் மகனின் கதைப்புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கடிந்துகொண்டோம், இன்றும் அது நெஞ்சை உறுத்துகிறது.

அவ்வேளையில் பாட்டி பரணிலிருந்து பழைய 'அம்புலிமாமா' இதழ்களை இறக்கினார். 1947இல் தொடங்கிய அவ்விதழ் இப்போது வெளிவருவதில்லை. எங்கள் வீட்டுப் பிரதிகளோ கரையானுக்குத் தப்பியவை. விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து செல்லும் கதையை அவர் படித்துக் காட்ட, பிள்ளைகள் இருவரும் அவரோடு ஒட்டிக்கொண்டனர். வழக்கம்போல் நடுவே ஒரு வினாவை எழுப்பினோம்.

"வேதாளங்கூடக் கதை முடிந்த பிறகுதானே அப்பா கேள்வி கேட்கிறது!" என்று சிணுங்கினான் மகன்.

பாட்டி சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றோடு கேள்விகளை நிறுத்தினோம். ஊரடங்கு தளர்ந்த ஒரு மாலையில் ரயில் நிலையப் பெயர்ப்பலகையை அவனாகவே எழுத்துக்கூட்டினான். 'காட்டாங்குளத்தூர்' எளிய சொல்லா? திருத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டோம். மூன்றாம் முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அடுத்த நிலையம் எது என்றான்.

"மறைமலை நகர்."

"அங்கேயும் போய் வாசிக்கலாமா?"